பழைய பேரே இருக்கட்டும்

எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. ஒரு வீட்டில் பழைய வைஃபை பெட்டி செத்துப்போய்ப் புதிது மாட்டும்போது, புதுசுக்கும் பழைய பெயரையே வைத்துவிடுவோம். பாஸ்வேர்டும் பழையதே. டிவி, பிரின்டர், கேமரா, வீட்டிலிருக்கும் செல்போன்கள் எல்லாம் ஒன்றும் நடக்காதது போலத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மறுபடி சேர்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்ததும், "தம்பி, டிவி மட்டும் வரமாட்டேங்குது" என்று போன் வரும். காரைக்குடியில் பத்து வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். இந்தத் தந்திரத்தைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். கடைப்பையன்களைக் கேட்டால், சுஹைல் பாய் வாயைத் திறந்தால் அதைத்தான் சொல்வார் என்பார்கள். இப்போது சொல்வதில்லை.

கோட்டையூர் நாச்சியம்மை ஆச்சி வீட்டுக்கு நான் முதலில் போனது கார்த்திகை மாதம். ஆச்சி என்றதும் வயதானவர் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே செட்டியார் வீட்டுப் பெண்கள் எல்லோருமே எங்களுக்கு ஆச்சிதான். இவருக்கு நாற்பது வயது இருக்கும். சென்னையிலிருந்து பத்து வயது மகள் அக்ஷராவோடு வந்து, மலேசியாவில் இருக்கும் சிநேகிதியின் குடும்ப வீட்டில் குடியிருந்தார். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் கணக்குப் பாடம் எடுப்பதுதான் பிழைப்பு. இடது கை மணிக்கட்டு அவருக்கு வளையாது. எங்கேயோ விழுந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

சென்னையிலிருந்து அவர் கொண்டுவந்த பெட்டி இங்கே வந்த நாலாம் நாள் கருகிப்போயிருந்தது. வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். சுவர்களின் கனத்துக்கு முன்னால் வைத்த பெட்டியின் சிக்னல் பாதி வீட்டைக்கூடத் தாண்டாது. அதனால் முகப்பில் ஒன்று, பின்கட்டு அடுப்படியில் ஒன்று என்று இரண்டு பெட்டி மாட்டினேன். பழையதன் பெயர் 'அக்ஷரா வீடு' என்று இருந்தது.

"இந்தப் பேரை மாத்திருவமா தம்பி?" என்று ஆச்சி அன்றைக்கே கேட்டார்.

"எதுக்கு ஆச்சி? மாத்துனா எல்லாத்தையும் மொதல்லருந்து சேக்கணும். எனக்கும் வேலை, ஒங்களுக்கும் தலைவலி. பழைய பேரே இருக்கட்டும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டார். காரணம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார் என்பது எனக்கு மாசி மாதம்தான் தெரிந்தது.

மாசியில் ஒரு வியாழக்கிழமை போன் செய்தார். பிரின்டர் நாலு நாளாக வேலை செய்யவில்லை, டிவி வரவில்லை, வாசல் கேமராவும் இருட்டாக இருக்கிறது என்றார். மூன்று மணிக்குப் போனேன். அந்தத் தெருவில் பதினொரு வீடு. ஒன்பதில் பூட்டுத் தொங்கும். சொந்தக்காரர்கள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருப்பார்கள். மத்தியான வெயிலில் அந்தத் தெருவில் வண்டியை நிறுத்தினால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும்.

முகப்பில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்ததும் நோய் தெரிந்துவிட்டது. முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் படைப்பு. வீட்டுக்காரர்களின் பங்காளிகள் எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை ஒன்றுகூடி முன்னோருக்குப் படைத்துச் சாப்பிடும் நாள் அது. அறுபது பேர் வந்திருந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடா வருவார்கள், ஆளுக்கு ஒரு போன், சிலருக்கு இரண்டு. எல்லோருக்கும் அக்ஷரா ஓடி ஓடிப் பாஸ்வேர்டு சொல்லியிருக்கிறாள். வைஃபை பெட்டி தன்னிடம் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து இடம் ஒதுக்கும். நான் ஐம்பது இடம்தான் வைத்திருந்தேன். விருந்தாளிகள் போய்விட்டார்கள், அவர்கள் பிடித்த இடம் ஒரு வாரத்துக்கு அவர்கள் பெயரிலேயே கிடக்கும். அன்று சாயங்காலம் கரண்ட் போய் வந்ததும் பிரின்டரும் டிவியும் கேமராவும் மறுபடி வந்து இடம் கேட்டிருக்கின்றன. பந்தியில் இடமில்லை.

"போன விருந்தாளுகளை எலையை விட்டு எழுப்பணும் ஆச்சி, அவ்வளவுதான்" என்றேன். "ஒவ்வொரு பேரா படிக்கிறேன். வீட்டுச் சாமான் எதுண்டு மட்டும் சொல்லுங்க."

ஆச்சி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தோம். வள்ளியப்பன் என்று மூன்று போன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பத்தில் வேறு என்ன வரும். லட்சுமணன் இரண்டு. ஒருத்தர் தன் போனுக்கு 'முதலாளி' என்று பெயர் வைத்திருந்தார். அவர் யாரென்று கேட்டதற்கு, "மாப்பிள்ளை ஒருத்தரு, வேலை தேடிக்கிட்டு இருக்காரு" என்றார் ஆச்சி. நாற்பத்தொரு பெயரை அழித்தேன். டிவி வந்தது, பிரின்டர் வந்தது. அதற்குள் பட்டியலில் புதிதாக ஒன்று ஏறியிருந்தது.

"இது எந்த வீட்டு அப்பச்சி?" என்றேன். ஆங்கில எழுத்தில் 'அப்பச்சி' என்று இருந்தது. செட்டியார் வீட்டுப் பிள்ளைகள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடும். "அழிச்சு முடிக்கிறதுக்குள்ள புதுசா வந்து ஒக்காருது பாருங்க. ஒங்க விருந்தாளி யாரோ இன்னும் ஊருக்குப் போகலை போல."

ஆச்சி திரையை நோக்கிக் குனிந்தார். திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

"இது பழைய விருந்தாளிக பேரா, இப்ப இருக்கிறதா தம்பி?"

"இப்ப இருக்கிறதுதான். மூணு இருபத்தெட்டுக்கு வந்துருக்கு. முகப்புப் பெட்டியில இருக்கு. சிக்னல் கம்மி, செவுத்துக்கு அங்குட்டுத் தெருவுல யாரோ நிக்கிறாக."

"அந்தப் பேரு அக்ஷரா வச்சது" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "மூணாவது படிக்கையில அவுக போனை வாங்கி அவதான் பேரு வச்சா. இது அவுக போனு தம்பி. அவுக இங்க வந்துருக்காக."

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் நாலைந்து வரிதான். கோர்ட்டில் பிள்ளை தாயிடம் இருக்கட்டும் என்று ஆகிவிட்டது. வெளியே வந்ததும் கணவர் ஆச்சியின் காதோரம் குனிந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன், நீ தேடிக்கொண்டே சாக வேண்டும் என்றாராம். மணிக்கட்டு விழுந்து உடைந்ததில்லை. யாருக்கும் சொல்லாமல் இந்த ஊருக்கு வந்து நாலு மாதம். படைப்பன்று யாரோ எடுத்த படம் பத்து குரூப்புக்குப் போயிருக்கிறது. பந்தி ஓரத்தில் அக்ஷரா தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பது அதில் தெரியும் என்று திங்கட்கிழமைதான் அவருக்குத் தெரிந்ததாம். கையை முறித்தவனைப் பற்றிச் சொல்லும்போதும் அவர் வாயில் மரியாதையாக அவுக, இவுகதான். கேட்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

எரிச்சல் ஒரு நிமிடம்தான். அடுத்து பயம் வந்தது. அந்த போனுக்கு யாரும் பாஸ்வேர்டு சொல்லவில்லை. சென்னையில் இதே பெயரில் இருந்த வீட்டு வைஃபையை அது மறக்கவில்லை. கோட்டையூர்த் தெருவில் அதே பெயர் காற்றில் கிடைத்ததும், தன் வீடு என்று நினைத்துத் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரை வைத்தவன் நான். ஆச்சி கேட்டும் மாற்றாமல் தட்டிக்கழித்தவன் நான்.

பெட்டியின் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை மூன்று நாற்பதுக்கு அப்பச்சி வந்து இடம் கேட்டிருக்கிறது, இல்லையென்று திருப்பியிருக்கிறது. புதன்கிழமை மூன்று முப்பத்தைந்து, அதேபோல. விருந்தாளிகளின் கூட்டத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இன்றைக்கு நான்தான் இடம் காலி பண்ணிக் கொடுத்து உள்ளே விட்டேன்.

"பாப்பா ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும்?"

"வேன் நாலு பத்துக்குப் பின் தெருவுல நிக்கும். அவளா எறங்கிப் பின்வாசல் வழியா வருவா."

மணி மூன்று முப்பத்தாறு. மூன்று நாளாக அதே நேரத்தில் வந்து பார்த்திருக்கிறார். எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. ஆச்சி போலீசுக்குப் போன் அடித்தார். பெயர், தெரு, கோர்ட் உத்தரவு எல்லாம் தடுமாறாமல் சொன்னார். வண்டி வெளியே போயிருக்கிறது, இருபது நிமிடத்தில் ஆள் வரும் என்றார்கள். வேன் ஓட்டும் பெத்தனுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டேன் என்று அவர் பெற்றோர்களிடம் முதல் நாளே சொல்லிவிட்டாராம். நல்ல பழக்கம்தான். அன்றைக்கு அவரை நான் சபித்தேன். பள்ளிக்கூடத்தில் போனை எடுத்த அம்மா, வேன் கிளம்பி ஐந்து நிமிடம் ஆகிறது என்றார்.

வாசல் கேமராவைக் கையால் சேர்த்தேன். தெரு தெரிந்தது. யாருமில்லை. படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் காரின் முன்பகுதி மட்டும், எதிர்வீட்டு வேப்பமர நிழலில்.

"அந்தக் காரு எனக்குத் தெரியும்" என்றார் ஆச்சி.

அந்த நேரம் பார்த்து முகப்புப் பெட்டியின் பட்டியலிலிருந்து அப்பச்சி காணாமல் போனது. காரின் முன்பகுதி அப்படியே நின்றது. கதவு திறந்த சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விட்டார் என்று சொல்ல ஆசையாக இருந்தது. கார் இருக்கும்போது எப்படிச் சொல்வது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஆச்சி என் முழங்கையைப் பிடித்திருந்தார், வலித்தது, விடச் சொல்லத் தோன்றவில்லை. மூன்றே முக்காலுக்கு அந்தப் பெயர் திரும்ப வந்தது. பின்கட்டுப் பெட்டியில். சிக்னல் நிறைய.

"சுத்திப் பின் தெருவுக்குப் போயிட்டாக" என்றார். உடனே, "அக்கம்மாள்" என்றார்.

அக்கம்மாள் அந்த வீட்டில் சமைக்கிறவர். மூன்று மணிக்குக் கிளம்பும்போது, பிள்ளை வந்தால் தள்ளிக்கொண்டு வரட்டும் என்று பின்கதவைச் சும்மா சாத்திவைத்துவிட்டுப் போவாராம். தினமும் அப்படித்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பை காலடியில் இருந்தது, வண்டிச் சாவி சட்டைப்பையில் இருந்தது, முன் தெருவில் இப்போது யாருமில்லை. போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நான் தைரியசாலி இல்லை. ஏணியில் ஆறாவது படிக்கு மேல் கால் வைக்கவே எனக்கு நடுங்கும். ஆனால் ஆச்சி எழுந்து நடக்க ஆரம்பித்தார், இடது கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. அந்தக் கையை வைத்துக்கொண்டு அந்த வீட்டுத் தாழ்ப்பாளைத் தள்ள முடியாது.

"நீங்க இங்குட்டே இருந்து இதைப் பாத்துக்கிட்டே இருங்க. நான் போறேன்" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக ஒலித்தது.

முகப்பிலிருந்து பின்வாசலுக்கு அந்த வீட்டில் நூற்றிருபது அடி இருக்கும். கேபிள் இழுத்தவன், எனக்குத் தெரியும். செருப்பில்லாமல் ஓடினேன். நடு முற்றம், சாப்பாட்டு அறை, அடுப்படி. பின்கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அந்த இடைவெளியில் வெயில் கோடாக விழுந்து கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோட்டை ஒரு நிழல் மறைத்தது.

இரண்டு கையாலும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினேன். இரும்பு கிரீச்சிட்டது. மேல் கொண்டியையும் போட்டேன். கதவுக்கு இங்குட்டு நான், அங்குட்டு அவர். அவர் மூச்சு விடுவது கேட்டது.

"அக்கம்மாளா?" என்றார்.

அமைதியான குரல், படித்தவர் குரல். சமையல்காரரின் பெயர்வரை தெரிந்துவைத்திருக்கிறார்.

"அக்கம்மா, கதவைத் தொறங்க. நான் பாப்பாவோட அப்பச்சி. பாப்பாவைப் பாக்கத்தான் வந்தேன்."

தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றேன். அவர் கதவை மெதுவாக ஒருமுறை உள்பக்கம் அழுத்தினார். தேக்குக் கதவு, அசையவில்லை. பிறகு அவர் நகத்தால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார், அவசரமே இல்லாமல், பஸ்சுக்குக் காத்திருப்பவர் மாதிரி. அவருக்கு என்ன அவசரம். உள்ளே வரவேண்டிய தேவையே அவருக்கு இல்லை. வேன் அவர் நிற்கும் இடத்துக்குத்தான் வரப்போகிறது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்பி முகப்புக்கு ஓடிவந்தபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு. "வேனை மெயின் ரோட்டுலயே மறிக்கணும் ஆச்சி. என் போன்ல லைன்லயே இருங்க. அந்தப் பேரு பின்கட்டுல இருக்கிற வரைக்கும் அவரு அங்க இருக்காரு. அது போச்சுண்டா ஒடனே சொல்லுங்க. நான் போனதும் இந்தக் கதவையும் தாழ் போட்டுருங்க."

வண்டியை உதைத்தேன். வெள்ளைக் காரைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே ஆளில்லை. பின் சீட்டில் ஒரு புதுத் தலையணை, பூப்போட்ட போர்வை, ஒரு பை நிறையப் பிஸ்கட். நீண்ட தூரப் பயணத்துக்குப் பிள்ளைக்குப் படுக்கை போட்டு வைத்திருக்கிறார்.

"இன்னும் பின்கட்டுலதான் இருக்கு" என்றார் ஆச்சி காதில். நான் மெயின் ரோடு போகும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். இருக்கு. இருக்கு தம்பி. இருக்கு.

மஞ்சள் வேன் பஸ் ஸ்டாப்பைத் தாண்டித் திரும்பப்போகிற நேரத்தில் குறுக்கே வண்டியைப் போட்டேன். பெத்தன் பிரேக்கை மிதித்து இறங்கிவந்து என் சட்டையைப் பிடித்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

"அக்ஷரா அம்மா அனுப்புனாக. பாப்பாவை அங்க எறக்க வேண்டாம். என்கூட..."

"யாரு நீ? அவுக அம்மா சொல்லாம நான் எவன்கிட்டயும் பிள்ளையை விடமாட்டேன்."

அவர் சொன்னதுதான் நியாயம். ஊரில் எல்லோரும் இப்படி இருந்தால் நல்லது. போனை அவர் காதில் வைத்தேன். ஆச்சி பேசியது எனக்குக் கேட்கவில்லை. பெத்தனின் கை என் சட்டையிலிருந்து மெதுவாக இறங்கியது. வேனுக்குள் ஏழெட்டுப் பிள்ளைகள். மூன்றாவது ஜன்னலில் அக்ஷரா, நெற்றியைக் கம்பியில் வைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க ஆச்சி. நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கே விட்டுர்றேன். மத்த பிள்ளைகளும் கூடவே வரட்டும், ஒன்னும் ஆகாது." போனை என்னிடம் நீட்டினார். "ஒங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்."

"தம்பி" என்றார் ஆச்சி. "பின்கட்டுல காணோம்."

"முகப்புல?"

"அங்குட்டும் இல்லை. கேமராவுல காரும் இல்லை தம்பி."

பெத்தனிடம் நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே ஏறி வண்டியைத் திருப்பினார். நான் பின்னாலேயே போனேன். ஸ்டேஷன் அங்கிருந்து ஐந்து நிமிடம்கூட இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில் என்னைத் தாண்டிய ஒவ்வொரு வெள்ளைக் காருக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. எத்தனை வெள்ளைக் கார் ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

பிடித்தார்கள். அவர் எங்கேயும் ஓடவில்லை, காரைப் பின் தெருவுக்கே கொண்டுவந்து வேன் நிற்கும் இடத்தில் நிறுத்தியிருந்தார், போலீஸ் போனபோது காரின் பின்கதவைத் திறந்துவைத்து நின்றாராம். ஸ்டேஷனில் அவரை முதல்முறை பார்த்தேன். மடிப்புக் கலையாத சட்டை, கை கட்டி நின்றார். பிள்ளையைப் பார்க்க வந்தது குற்றமா என்று கேட்டார். அவர் கதவை உடைக்கவில்லை, யாரையும் தொடவில்லை. எழுதி வாங்கினார்கள், இந்தப் பக்கம் வரக்கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள். கோர்ட்டுக்கும் எழுதுகிறோம் என்றார்கள். அவர்களால் முடிந்தது அவ்வளவுதான். வெளியே போகும்போது அவர் ஆச்சியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் வந்தது ஒனக்கு எப்படித் தெரிஞ்சது?"

ஆச்சி அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அக்ஷரா உள் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், புத்தகப் பையைக் கழற்றாமல்.

மறுநாள் காலையில் கோட்டையூருக்குப் போனேன். இரவெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, நீங்கள் கேட்டபோதே பெயரை மாற்றியிருந்தால் அந்த போன் வந்து ஒட்டியிருக்காது, இப்போதே மாற்றிவிடுகிறேன் என்றேன்.

லேப்டாப்பை எடுக்கப்போன என்னை ஆச்சி கை காட்டித் தடுத்தார்.

"ஒட்டலைன்னா அவுக வந்தது எனக்குத் தெரிஞ்சிருக்குமா தம்பி?"

நான் பையைக் கீழே வைத்தேன்.

"பழைய பேரே இருக்கட்டும்" என்றார். நான் அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. "இனி எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பேரு எங்கூட வரும்."

வீட்டுச் சாமான்களை எல்லாம் புதுப் பெயரில் சேர்த்தேன். ஒவ்வொன்றாக, பொறுமையாக, தந்திரம் எதுவும் இல்லாமல். பழைய பெயருக்கென்று தனியாக இரண்டு சின்னப் பெட்டிகள் வைத்தேன், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவற்றில் வேறு எதுவும் சேராது. அந்த ஒரு போன் வந்து சேர்ந்தால் ஆச்சியின் போனிலும் என் போனிலும் மணி அடிக்கும். தூங்கும்போதும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன். அணைத்துவிட்டுப் படுங்கள் என்று என் மனைவி ஃபர்சானா முதல் வாரம் சொன்னாள். காரணத்தைச் சொன்ன பிறகு, சார்ஜ் இருக்கிறதா என்று அவளே பார்த்து வைக்கிறாள்.

இது நடந்து நாலு மாதம். மணி இதுவரை அடிக்கவில்லை. அடிக்காத ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் அடிக்கும் என்றுதான் தோன்றுகிறது. மூன்றரை மணி ஆனால் எந்த வீட்டில் எந்த வேலையில் இருந்தாலும் ஒருமுறை போனைத் தொட்டுப் பார்த்துவிடுவேன்.

போன வாரம் பள்ளிக்கூடம் திறந்ததும், பாடம் படிக்க அக்ஷராவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார் ஆச்சி. புது வைஃபையில் சேர்த்துவிடச் சொல்லிக் கூப்பிட்டார். சேர்த்தேன். ஆச்சி காபி போட உள்ளே போனதும் அந்தப் பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அங்கிள், அம்மா போன்ல அப்பச்சி பேருக்கு ஒரு மணி வச்சிருக்கீகளாமே."

ஆசையாகக் கேட்கிறாளோ என்று நினைத்தேன். அப்பாவை எந்தப் பிள்ளைதான் தேடாது. அந்தப் பெயரை ஆசையாக வைத்தவளும் அவள்தானே.

"ஆமாம்மா" என்றேன்.

"அது என் போன்லயும் அடிக்கணும். வச்சுத் தாங்க."

"ஒனக்கு எதுக்குடா கண்ணு அது?"

"அம்மாவுக்குக் கை சரியில்லைல்ல" என்றாள். "பின்கதவு தாழ்ப்பாளை நான் போட்டுப் பாத்தேன், எனக்கு எட்டுது. ஸ்டூலு போட்டா மேல் கொண்டியும் எட்டும். மணி அடிச்சா ஓடிப் போய்ப் போட்டுருவேன்."

அடுப்படியில் அந்த ஸ்டூல் ஏற்கெனவே கதவோரம் கிடந்ததை நான் வரும்போது பார்த்திருந்தேன். ஆச்சி காபியோடு வருவதற்குள் அவள் போனை வாங்கி மணியை வைத்துக் கொடுத்தேன். சத்தம் சரியாகக் கேட்கிறதா என்று இரண்டு தடவை அடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டாள்.